ஒரு பேருக்கு ரெண்டு ஆசர்

மதுரையில் இறங்கி முதலில் நான் செய்த காரியம் சட்டையைக் கழற்றிப் பிழிந்ததுதான். மலேயாவில் தைப்பிங்கில் பிறந்து வளர்ந்தவன் நான். அங்கே ஒரு நாள் மழை பெய்யவில்லை என்றால் அதையே நாலு பேர் நின்று பேசுவோம். இங்கே வெயில் மண்டையைப் பிளந்தது. "மாசிதானே சார், சித்திரையில வந்து பாருங்க" என்று ஜட்கா வண்டிக்காரர் பெருமையாகச் சொன்னார். அவரே வெயிலை ஆள் வைத்துச் சமைத்த மாதிரி பேச்சு.

என் அப்பா அம்மா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள். எனக்குத் தமிழ்நாடு என்றால் அவர்கள் சொன்ன கதை மட்டும்தான். நான் பேராக்கில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் வேலை பார்த்தேன். காயத்துக்குக் கட்டுப் போடுவது, வேளாவேளைக்கு மருந்து கொடுப்பது, கத்துகிறவர்கள் பக்கத்தில் கத்தாமல் உட்கார்ந்திருப்பது, இவ்வளவுதான் வேலை. ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கூட்டங்கூட்டமாக ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் வார்டில் இருந்த தவசியையும் அனுப்புவது என்று முடிவானது. "சொந்த மண்ணை மிதித்தால் தேறினாலும் தேறுவான், யாராவது கூட்டிக்கொண்டு போங்கள்" என்றார் பெரிய டாக்டர். நான் முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன். ஊர் பார்க்கும் ஆசைதான், வேறென்ன!

தவசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பது தாண்டிய ஆள், கருங்காலிக் கட்டை மாதிரி உடம்பு. வந்த புதிதில் காற்றோடு சண்டை போடுவான். பிறகு அதுவும் நின்றுபோனது. வாயை மட்டும் ஒரு நாளும் திறந்ததில்லை. பகலில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆனால் பொழுது சாயும் நேரம் ஆனால் போதும், வாசற்படிக்குப் போய்க் குந்தவைத்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு காத்திருப்பான். பசியாக்கும் என்று சோற்றுத் தட்டைக் கொடுப்போம். தட்டைத் தரையில் வைத்துவிட்டு மறுபடியும் கையை நீட்டுவான். இதற்கு எங்கள் டாக்டர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள்.

எனக்கு அந்தக் காரணங்களில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அவனுக்கு அடுத்த கட்டிலில் மலைக்காட்டு ஆதிகுடி ஒருவர் இருந்தார். கட்டிலில் படுக்காமல் தரையில் இறங்கி இறங்கிப் படுக்கிறார் என்று அவரைக் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். அவர் பெண்டாட்டி மலையிலிருந்து நடந்தே வந்து, "எங்கள் வீடுகளில் கட்டிலே கிடையாது" என்று சொன்ன பிறகுதான் அவிழ்த்துவிட்டார்கள். தவசிக்காக அப்படி வந்து சொல்ல ஒருவரும் இல்லை.

அன்று மதுரையில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். சும்மா சொல்லக் கூடாது, சாப்பாட்டுக்கு இந்த ஊர் ஊர்தான்! தெருவில் ஒரு பெண் பெரிய அண்டாவில் பருத்திப்பால் விற்றாள். பருத்திக்கொட்டையில் பாலா என்று சிரித்துவிட்டு ஒரு குவளை வாங்கினேன். கருப்பட்டியும் சுக்கும் தொண்டையில் இறங்கியதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு இன்னொரு குவளை வாங்கினேன். தவசியும் குடித்தான். குடித்துவிட்டுக் குவளையைக் கொடுக்காமல் முகர்ந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

பொழுது சாய்ந்ததும் சத்திரத்து வாசலில் போய்க் குந்திவிட்டான். கைகள் நீட்டியபடி இருந்தன. கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாள் அந்தக் கைகளில் ஒரு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனாள். தவசி பழத்தைக் கீழே வைத்தான். கை மறுபடி நீண்டது. "பிச்சைக்காரனுக்கு எம்புட்டு ராங்கி பாரு" என்றார் ஒருவர். என்னத்தைச் சொல்ல!

மறுநாள் உசிலம்பட்டிக்குப் பஸ். பஸ் என்று சொன்னால் அதற்குக் கௌரவம். நாகமலையைத் தாண்டியதும் முன்பக்கம் ஆவி கிளம்பியது. டிரைவர் இறங்கினார், கிளீனர் இறங்கினான், பிறகு நாங்கள் எல்லோரும் இறங்கினோம். தண்ணீர் ஊற்றி, தள்ளி, ஏறி உட்கார்ந்தால், கொஞ்ச தூரத்தில் மறுபடியும் ஆவி. மூன்றாவது தடவை ஒருத்தரும் சொல்லாமலே எல்லோரும் இறங்கிவிட்டார்கள். தவசி மட்டும் எல்லோரைவிடவும் பலமாகத் தள்ளினான். "அண்ணே, இவரைத் தினமும் கூட்டிட்டு வாங்க" என்று கிளீனர் என்னிடம் கேட்டுக்கொண்டான்.

வழியில் ஒரு போலீஸ்காரர் பஸ்ஸை நிறுத்தினார். என் தொப்பியையும் பூட்ஸையும் பார்த்துவிட்டு என்னைக் கடந்து போனார். பின்னால் இருந்த மூன்று பேரை மட்டும் எழுப்பி, "சீட்டு எங்கடா?" என்றார். இரண்டு பேர் மடியிலிருந்து எதையோ எடுத்துக் காட்டினார்கள். அது பஸ் டிக்கெட் இல்லை. மூன்றாவது ஆள் ஒரு கிழவர், அவரிடம் அது இல்லை. அவரை அங்கேயே இறக்கிவிட்டார். தவசி துண்டை முகத்தில் மூடித் தூங்கிக்கொண்டிருந்தான். துரை வீட்டு வேலைக்காரன் என்று நினைத்தாரோ என்னவோ, அவனைக் கேட்கவில்லை.

என் பக்கத்தில் வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் விசாரித்தேன்.

"ரேகைச் சட்டம்யா. எங்க சாதியில ஆம்பளையாப் பொறந்து வயசு வந்துட்டா, பத்து வெரலையும் மையில முக்கி எடுத்துக்கிருவாங்ய. ஊரத் தாண்டணும்னா போலீசு கச்சேரியில சீட்டு வாங்கணும். பொழுது சாஞ்சா ஊர்ப் பொது மந்தையில கூடணும், பேரக் கூப்புட்டா ஆசர்னு, இருக்கேன்னு சொல்லணும். சொல்லாதவன் செயிலுக்குப் போகணும்."

"திருடினால்தானே?"

"திருடுனாத்தேன் தண்டனைன்னு நெனைக்கிறீகளாக்கும். இது பொறந்ததுக்கு."

ஆஸ்பத்திரிக்காரன் இல்லையா, எனக்கு வேறு கேள்வி வந்தது. "காய்ச்சல், வாந்திபேதி என்று வந்தால்?"

"வந்தா காய்ச்சலோட வந்து மந்தையில குந்தணும். போன ஐப்பசியில எங் கொழுந்தனுக்கு வாந்திபேதி. உசிலம்பட்டி ஆசுபத்திரிக்குப் போகச் சீட்டு வேணுமேன்னு ஆளு ஓடுச்சு. சீட்டு வந்து சேர்றதுக்குள்ள மனுசன் போய்ச் சேந்துட்டாரு." சொல்லிவிட்டு, "இந்தாங்கய்யா, தாகத்துக்கு நல்லது" என்று எனக்கு ஒரு வெள்ளரிப்பிஞ்சை ஒடித்துக் கொடுத்தாள்.

உசிலம்பட்டியில் சந்தை நாள். மாடும் மனிதனும் தூசியும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. தவசி வேலை பார்த்த தோட்டத்துக் கங்காணி அவன் ஊரையும் அக்காள் பேரையும் சொல்லி அனுப்பியிருந்தார். எழுமலைக்குப் போகிற வழியில் உள்ள சின்ன ஊர். சந்தையிலிருந்து திரும்பிய ஒரு மாட்டு வண்டியில் ஏறிக்கொண்டோம். பச்சையே இல்லாத காடு, அறுத்து முடித்த சோளத்தட்டை, தூரத்தில் நீலமாக மலை. இவ்வளவு வானத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் ரப்பர் மரம் வானத்தை மறைத்துவிடும். தவசி வண்டியில் எழுந்து நின்றுகொண்டே வந்தான்.

வீட்டு வாசலில் கேப்பை காயப்போட்டுக்கொண்டிருந்தவள்தான் அக்காள் பொன்னாத்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றது. இப்போது ஓடி வருவாள், கட்டிக்கொண்டு அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவளோ தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். தவசியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கதவு சாத்திக்கொண்டது, தாழ்ப்பாளும் விழுந்தது. நான் என் டிரங்குப் பெட்டியோடு வெயிலில் நின்றேன்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடல் தாண்டி ஆளைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன், ஒரு சொம்புத் தண்ணீர் கூடவா கிடையாது? கதவைத் தட்டலாமா உதைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கொல்லைப் பக்கமிருந்து ஒரு இளைஞன் வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். தவசியின் மூக்கு அப்படியே இருந்தது. தம்பி ஒச்சு.

"உள்ள வாங்கண்ணே. கோவிச்சுக்கிறாதீக. வழியில யார்கிட்டயாச்சும் அண்ணன் பேரச் சொன்னீகளா?"

"இல்லை. ஏன்?"

"சாப்புடுங்க, சொல்றேன்."

வரகரிசிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள் பொன்னாத்தாள். கோபத்தோடு சாப்பிட ஆரம்பித்து, கோபத்தை மறந்து மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். தவசி பக்கத்தில் உட்கார்ந்து, அக்காள் உருட்டிக் கொடுத்ததை வாங்கி வாங்கித் தின்றான். அப்போதுதான் அவள் அழுதாள்.

கையைக் கழுவிவிட்டு என் திட்டத்தைச் சொன்னேன். நாளைக்குக் காலையில் நான் நேரே போலீஸ் கச்சேரிக்குப் போய், இவன் சீக்காளி, இத்தனை வருஷம் மலேயாவில் எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தவன் என்று சொல்லிவிடுகிறேன். சீட்டு வாங்கி மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம். அங்கே மருந்து கிடைக்கும். சொல்லி முடித்து அவர்கள் முகத்தைப் பார்த்தேன். பொன்னாத்தாள் எழுந்து போய்த் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள்.

"ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன், அங்கிட்டு மட்டும் போயிராதீக" என்றான் ஒச்சு. பிறகு எல்லாவற்றையும் சொன்னான்.

"அண்ணனுக்கு மொதல்ல காதுல யாரோ பேசுறாங்யன்னு ஆரம்பிச்சுச்சு. பொழுதன்னைக்கும் ஒக்காந்து அவிங்யளுக்குப் பதில் சொல்லிக்கிட்டிருப்பாரு. மந்தையில பேரச் சொன்னா வாயத் தெறக்க மாட்டாரு. ஆளு எதுக்கத்தேன் குந்தியிருக்காரு, ஆனா ஆசர் சொல்லலையே! செயிலுக்குக் கொண்டு போனாங்ய. வந்தாரு. மறுபடியும் சொல்லல. மறுபடியும் செயிலு."

"உடம்புக்கு முடியாதவன் என்று சொல்லவில்லையா?"

"சொல்லாம இருப்போமா? நடிக்கிறான்னாங்ய. எங்க சாதிக்குப் பைத்தியம் புடிக்காதாம்ணே. களவாணித்தனம் மட்டுந்தேன் புடிக்குமாம்."

மூன்றாவது தடவை அனுப்பினால் பிணமாகத்தான் வருவான் என்று பயந்து, ஒரு கங்காணி பின்னால் மலேயாவுக்கு அனுப்பிவைத்தார்கள். ஆனால் மந்தையில் ஆள் குறைந்தால் வீடே நாசம். ஒச்சு அம்மாச்சி ஊரில் வளர்ந்தவன், அங்கே ரேகை எடுக்கும் முன்பே வந்துவிட்டான், இங்கேயும் அவன் பேர் பதியவில்லை. புதிதாக மாற்றலாகி வந்த ஏட்டுக்கு யார் முகமும் தெரியாது.

"அன்னைக்குப் பொழுது சாய நான் போயி அண்ணன் எடத்துல குந்துனேன். தவசின்னாங்ய. ஆசர்னேன். இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டுத்தேன் இருக்கேன்."

பொன்னாத்தாள் முடித்தாள். "இவன் மலேயாவுல இருந்தான்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா, ஊரவிட்டு ஓடுனதுக்கு இவன் உள்ள போவான். பேர மாத்திச் சொன்னதுக்கு அவன் உள்ள போவான். நான் எவனுக்குச் சோறு கொண்டு போவேன், சொல்லுங்க."

"அப்படியானால் இவனை என்ன செய்யப்போகிறீர்கள்?"

"வீட்டுக்குள்ளயே வச்சுக்கிருவோம். வேற என்ன செய்ய?"

பூட்டு போட்ட வார்டிலிருந்து கூட்டி வந்தவனை இன்னொரு பூட்டுக்குள் வைத்துவிட்டுக் கப்பலேறவா இவ்வளவு தூரம் வந்தேன்? மதுரையில் மருந்து இருக்கிறது. நடுவில் ஒரு மந்தை இருக்கிறது.

பொழுது சாய்ந்தது. எங்கோ ஒரு விசில் ஊதியது. ஒச்சு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாரேன்" என்று கிளம்பினான். பொன்னாத்தாள் தவசியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். என் கால் சும்மா இருக்குமா? ஒச்சுவுக்குப் பின்னாலேயே போனேன்.

மந்தையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். ஊர் ஆம்பிளைகள் எல்லோரும் வரிசையாகக் குந்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருடைய இரண்டு கைகளும் முன்னால் நீட்டியிருந்தன. கையில் கம்பு, கத்தி இல்லை என்று ஏட்டு பார்ப்பதற்காம். நரைத்த தலைகளும் இருந்தன, மீசை இப்போதுதான் அரும்பிய முகங்களும் இருந்தன. எங்கள் ஆஸ்பத்திரி வாசற்படியில் தவசி உட்கார்ந்திருந்ததும் இதே மாதிரிதான். அடப்பாவிகளா! அத்தனை டாக்டர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்களே, அவன் அங்கே தன் பேரை யாராவது கூப்பிடுவார்களா என்றல்லவா காத்திருந்தான்!

ஏட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு பேருக்கும் ஒரு ஆசர். நான் பெண்கள் நின்ற பக்கமாக ஒதுங்கி நின்றேன். அப்போது கொல்லைச் சந்து வழியாக யாரோ ஓடி வந்தார்கள். தவசி! வந்தவன் கடைசி வரிசையில் குந்தினான், கையை நீட்டினான். பின்னாலேயே மூச்சிரைக்கப் பொன்னாத்தாள் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"தவசி!" என்றார் ஏட்டு.

"ஆசர்" என்றான் முன்வரிசையில் ஒச்சு.

"ஆசர்" என்றான் கடைசி வரிசையில் தவசி.

அவன் குரலை அன்றைக்குத்தான் கேட்கிறேன். கனமான, நல்ல குரல்.

ஏட்டு அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "எவன்டா ரெண்டாவது?"

அப்போது பொன்னாத்தாள் முன்னால் போனாள்.

"அது பைத்தியம்யா. எங்கிட்டிருந்தோ வந்துச்சு. பாவமேன்னு கஞ்சி ஊத்துனேன். எங்களுக்கு ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல. யாரு பேரச் சொன்னாலும் ஆசர்னு சொல்லும்யா."

ஏட்டு தவசி முகத்துக்கு நேரே விளக்கைப் பிடித்தார். "பேரு என்னடா?" தவசி வெளிச்சத்துக்குக் கண்ணைச் சிமிட்டினான். ஏட்டு அவனையே பார்த்தபடி, "பெருமாயன்!" என்றார்.

நிஜப் பெருமாயன் முன்வரிசையில் வாயைத் திறந்து, சட்டென்று மூடிக்கொண்டார். நான் சாமி எதையும் விடாமல் கும்பிட்டேன். தவசி தலையைத் திருப்பி அக்காளை ஒரு முறை பார்த்தான்.

"ஆசர்" என்றான்.

"சின்னாண்டி!"

"ஆசர்."

ஏட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கலெக்டர் துரை!"

"ஆசர்."

மந்தை முழுக்கச் சிரித்தது. அவ்வளவு பேர் அவ்வளவு பயத்தோடு சிரித்து நான் பார்த்ததில்லை. ஒச்சுவும் சிரித்தான், கண்ணில் தண்ணீர் ஒழுக ஒழுகச் சிரித்தான். பொன்னாத்தாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ஏட்டு என் தொப்பியைப் பார்த்துக்கொண்டு வந்தார். யார் என்று கேட்டார். மருந்து வேலை செய்கிறவன், ஊர் பார்க்க வந்தேன் என்றேன். "பைத்தியத்துக்கு மருந்து இருக்கா சார்?" என்றார். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினால் கேட்கும் என்றேன்.

"அப்ப கூட்டிக்கிட்டுப் போய்த் தொலைங்க. இது இங்க இருந்தா எனக்குக் கணக்குத்தேன் குழம்பும்."

"சீட்டு வேண்டாமா?"

"பேரே இல்லாதவனுக்கு என்னத்துக்குச் சீட்டு?"

காலையில் நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம். பெண்களுக்குச் சீட்டு தேவையில்லை என்பதால் பொன்னாத்தாள் வர முடிந்தது. ஒச்சு எல்லைக் கல் வரைக்கும் வந்து, அதற்கு மேல் ஒரு அடி வைக்காமல் நின்றான். அண்ணன் தலையை ஒரு தரம் தடவிவிட்டுத் திரும்பிப் போனான். பஸ்ஸில் அதே போலீஸ்காரர் ஏறினார். பின்னால் இருந்தவர்களிடம் சீட்டுக் கேட்டார். "இது யாரு?" என்றதற்கு, "பைத்தியம்யா" என்றாள் பொன்னாத்தாள். விட்டுவிட்டார்.

நாகமலை தெரிய ஆரம்பித்ததும் எனக்கு ஒரு கவலை வந்தது. ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே பேர் என்ன என்பதுதான். தவசி என்று சொன்னால், எங்கேயாவது சுற்றி அது ஏட்டு காதுக்குப் போய்விடலாம்.

"என்ன பேர் சொல்லட்டும் அம்மா?" என்று பொன்னாத்தாளைக் கேட்டேன். அவள் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தவசி எங்கள் பக்கம் திரும்பினான்.

"ஒச்சுன்னு சொல்லுங்கண்ணே" என்றான். "அவன் பேரு சும்மாத்தான கெடக்கு."